தொந்தரவில்லாத பிள்ளை

சிலி நாட்டுக் கல்புகோ ஊரில் நோல்ஃபா பர்ரியாவைத் தெரியாத வீடு கிடையாது. இருபத்து மூன்று வருஷமாக மழலையர் பள்ளி ஆசிரியை; பாதி ஊர் அவளை அத்தை என்று கூப்பிட்டே வளர்ந்தது. வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூரை ஒழுகுவதை மேயர் கண்டுகொள்ளாததால், விழாவுக்கு அவர் வந்தபோது அவருடைய நாற்காலியைச் சரியாக ஒழுகும் இடத்துக்குக் கீழே போட்டவள்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போனதும், அந்த வாரம் தாங்கள் நடந்துகொண்டதை யோசித்து ஆசிரியைகள் நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் மாதக் கடைசியில் நாலு வாரத்தையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவார்கள்: 'குழந்தைகள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்.' என்னத்தைப் பங்கேற்றார்களோ! நோல்ஃபா மட்டும் விறகடுப்புப் பக்கம் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து, உள்ளதை உள்ளபடி எழுதுவாள். 'கடித்தவனைத் திட்டினேன். கடிபட்டவனைக் கவனிக்கவில்லை.'

ஜூன் மாத மழையில் ஒரு வெள்ளி, பழைய பக்கங்களைப் புரட்டியவளுக்குத் திக்கென்றது. ஆறு வாரம். அழுதவன், அடித்தவள், மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டவன் எல்லாரும் இருந்தார்கள். யானிரா எங்கேயும் இல்லை. நாலு வயசு, ஒரு நாள் விடாமல் வந்த பிள்ளை. அவள் என்ன விளையாடினாள் என்று யோசித்துப் பார்த்தாள்; ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதினாள்: 'ஆறு வாரமாக யானிராவை நான் பார்க்கவில்லை.'

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை இர்மா ஒயார்சோ அந்த நோட்டோடு வந்தாள்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா, நோல்ஃபா? நாளைக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றாங்க. இதைப் படிச்சா பிள்ளை காணாமப் போச்சுன்னு போலீசைக் கூப்பிடுவாங்க."

"காணாமத்தான் போயிருக்கா. என் கண்ணு முன்னாலயே."

"இந்தப் பேச்செல்லாம் வேணாம். பக்கத்தைக் கிழிச்சுட்டு, யானிரா நல்லாப் பழகுறான்னு எழுது. இல்லேன்னா அடுத்த வருஷம் உனக்கு வகுப்பு கிடையாது. ஆபீஸ்ல ஃபைல் அடுக்கிட்டு உக்காந்திரு."

வகுப்பு போனால் நோல்ஃபாவுக்கு வேறென்ன இருக்கிறது? பயத்துக்கும் மேலே கோபம் வந்தது.

"என் தப்பை நான் எழுதியிருக்கேன். அதைக் கிழிக்க உங்களுக்கு உரிமை இல்ல, பெரிய டீச்சர். எனக்கும் இல்ல."

சாயங்காலம் சால்மன் மீன் ஆலையில் ஷிப்ட் முடிந்து, நனைந்துகொண்டே வந்தாள் யானிராவின் அம்மா ரூத். இர்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோல்ஃபா அவளை நிறுத்தி அந்த வரியை வாசித்துக் காட்டினாள். இன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நினைத்தாள்.

ரூத் மகளின் குளிர்ச்சட்டையை இழுத்து மூடிவிட்டாள்.

"இவளப் பத்திக் கேட்டா எல்லாரும் ஒண்ணுதான் சொல்லுவாங்க அத்தை, தொந்தரவே இல்லாத பிள்ளைன்னு. நானும் பெருமையா இருந்துட்டேன்." நோட்டுக்குக் கை நீட்டி, "பேனா இருக்கா?" என்றாள்.

நோல்ஃபா எழுதியதற்குக் கீழேயே ரூத் 'நானும்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நோல்ஃபா நோட்டை இர்மாவிடம் நீட்டினாள்.

"இப்பக் கிழிங்க."