உயிரோடிருக்கும் மகா நடிகரும் என் ரத்த அழுத்தமும்

ஐம்பத்து மூன்று வயதில், ஒரு சினிமா நடிகருக்காகச் சண்டை போட்டு, நடக்கவிருந்த என் ஆபரேஷனை நானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன். வெளியில் சொல்லக்கூடிய விஷயமில்லை. ஆனால் என் மனைவி ஏற்கெனவே சித்தூரில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள். மீதிப் பேருக்காக நான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் ஹெர்னியாவுக்கு. அதிலும் கௌரவமில்லை. இருதயம் என்றால் ஜனங்கள் தாழ்ந்த குரலில் விசாரிப்பார்கள். ஹெர்னியா என்றால், "அப்படி எதைத் தூக்குனீங்க?" என்கிறார்கள். நான் தூக்கியதெல்லாம் வீடு மாற்றும்போது புத்தக மூட்டை. அதையும் வாசல்வரைதான்.

திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரண்டு கட்டில் போட்ட அறை. சேர்ந்த அன்று காலையிலேயே மயக்க மருந்து டாக்டர் வந்து, நான் புத்தக மூட்டைக் கதையைச் சொல்லச் சொல்ல பி.பி. பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். "சாயந்திரத்துக்குள்ள இறங்கலைன்னா நாளைக்கு ஆபரேஷன் கிடையாது. வீட்டுக்குப் போயிட்டு அடுத்த மாசம் வாங்க." அதுவரை குடல் பொறுமையாக இருக்குமா என்று கேட்டேன். அதை அவர் எப்படிச் சொல்ல முடியும்? சிக்கிக்கொண்டால் நேரம் காலம் பார்க்காமல் ஓடிவந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். சித்தூரிலிருந்து குடல் சிக்கிய நிலையில் ஓடிவருவதை மனக்கண்ணில் பார்த்தேன். பி.பி. இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஜில்லாவின் நகரி ஊர்க்காரர் ஒருவர். பவர்லூம் வைத்திருப்பவர், என்னைவிட மூத்தவர். கால் முறிந்து, ஆபரேஷன் முடிந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் உற்சவரைப் போல எழுந்தருளச் செய்திருந்தார். இனிமேல் அவருக்கு எது ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை.

பேச்சு எப்படித் தொடங்கியதென்று நினைவில்லை. அவர் காலமான ஒரு நடிகரைப் புகழ்ந்தார், நான் காலமான இன்னொருவரைப் புகழ்ந்தேன். அவர் சம்சாரம் சாத்துக்குடி உரிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரியில குந்திகினு செத்தவங்க பேச்சு இன்னாத்துக்குய்யா? உசுரோட கீறவங்களப் பத்திப் பேசுங்களேன்."

நியாயமாகப் பட்டது. அப்படித்தான் தலைப்பு முடிவாயிற்று: இன்று உயிரோடிருப்பவர்களில் மகா நடிகர் யார்?

அவர் வீட்டில் தமிழ், நெஞ்சில் தெலுங்கு ஹீரோ. தெலுங்கு மீடியத்தில் படித்த எனக்கோ தமிழ் ஹீரோ. எங்கள் ஜில்லாவில் இது சகஜம். அந்தந்த மொழிக்கு அந்தந்த ஹீரோ என்று பிரித்துக்கொண்டால் வீட்டுக்குள் சண்டை போட ஆள் கிடைக்காது.

"உங்காளு நல்லா நடிக்கறான் சார், இல்லேங்கல. ஆனா நடிக்கறான்னு தெரிஞ்சிபூடுது. எங்காளு சும்மா வந்து நின்னாலே போதும்."

"நிக்கறதுக்கு நடிகர் எதுக்குண்ணா? கரண்டு கம்பம்கூடத்தான் நிக்குது."

"கரண்டு கம்பத்துக்கு எவனாச்சும் பாலாபிஷேகம் பண்றானா?"

இதற்குப் பதில் யோசிக்கும்போது நர்ஸ் வந்தாள். புத்தூர்ப் பெண். கையில் பட்டையைச் சுற்றி அவள் காற்றடிக்க அடிக்க, பாலாபிஷேகம் ஏன் நடிப்புக்கு அளவுகோல் ஆகாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. மதியமும் வந்தாள், அப்போது நாங்கள் அழுகைக் காட்சிகளில் இருந்தோம். இன்னும் ஏறியிருந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி, "அந்த நடிகர் நாளைக்கு ஆப்பிள் வாங்கிகினு உங்களைப் பார்க்க வரப்போறாரா?"

அவளுக்குக் கலை தெரியாது. நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். குரல்.

பள்ளிக்கூட நாளில் சித்தூர் தியேட்டரில் பார்த்த படம். என் ஹீரோ கோர்ட் கூண்டில் நின்று பேசுவார். கத்த மாட்டார். கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் ஒரு குரல். முறுக்கு விற்பவன்கூட அப்படியே நின்றுவிட்டான். அந்தக் குரலைப் பற்றி ஒரு சிற்றிதழில் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன், எந்தெந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்பது உட்பட. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

நகரிக்காரர் பொறுமையாகக் கேட்டார். "எங்க பார்த்தீங்கன்னு சொன்னீங்க?"

"சித்தூர்ல."

"சித்தூர்ல அது தெலுங்குல இல்ல ஓடுச்சு?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நாங்க திருத்தணி போயி தமிழ்லயே பார்த்தோம். இரு சார்." சம்சாரத்திடமிருந்து போனை வாங்கித் தேய்த்து, அந்தக் காட்சியைத் தேடி எடுத்து என் பக்கம் நீட்டினார்.

அதே கூண்டு. அதே கண்கள். வாய் திறந்தது. கொஞ்சம் மெல்லிய, லேசாக மூக்கால் வரும் குரல். நல்ல குரல்தான், ரேஷன் கடையில் நமக்கு முன்னால் நிற்பவருக்கு இருக்கக்கூடிய குரல்.

"இது யார் குரல்?" என்றேன்.

"உங்காளுதுதான்."

கிணற்றடிக் குரல், தெலுங்கில் டப்பிங் பேசிய யாரோ ஒருவருடையது. ஒரே ஒரு அப்பட்டமான உண்மை. அது இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் அவர் படங்களைத் தமிழில் பார்த்தபோதெல்லாம், பாவம், வயதாகிவிட்டது, தொண்டை போய்விட்டது என்று வருத்தப்பட்டிருக்கிறேன். அந்த மனிதர் சொந்தக் குரலில் பேசியதை வீழ்ச்சி என்று நினைத்தவன் நான். ஒன்பது பக்கத்தில் ஒரு பக்கம் அந்த வீழ்ச்சியைப் பற்றித்தான்.

நகரிக்காரர் குதித்திருக்கலாம். குதிக்கவில்லை, கால் அப்படி. போனை அணைத்துவிட்டு, "நல்ல நடிகன்தான் சார்," என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் கருணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்தேன்.

சாயந்திரம் நர்ஸ் வந்தாள். பட்டையைச் சுற்றினாள், காற்றடித்தாள், எண்ணைப் பார்த்தாள், மறுபடி ஒருமுறை காற்றடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மயக்க மருந்து டாக்டரும் வந்து பார்த்தார். "நாளைக்குக் காலையில முதல் கேஸ் நீங்கதான்." என் மனைவி திருமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். வயிற்றை அறுக்கப்போகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆபரேஷனுக்கு மறுநாள், தையல் வலிக்காத கோணத்தில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டே, புத்தூர்ப் பெண்ணிடம் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். மனிதன் ஆயுசு முழுக்க ஒரு கருத்தைச் சுமக்கிறான். அது உடைந்து விழும் நிமிஷத்தில் ரத்தம் இளகி, இருதயம் லேசாகிறது. மருத்துவம் இதைக் கவனிக்க வேண்டும் என்றேன். நகரிக்காரர்கூடத் தலையாட்டினார்.

அவள் சலைன் பாட்டிலைச் சரிசெய்தபடி சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பி.பி. பாக்கறப்போ பேசினா ஏறித்தான் காட்டும். அன்னிக்கு சாயந்திரம்தான் நீங்க வாயை மூடிகினு இருந்தீங்க."