நாமே குறித்த நாள்

நாள் நட்சத்திரம் பார்ப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனால் முனியம்மாவை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை. மருமகள் தேவமலரைத் தன் வயிற்றில் பிறந்தவளாகவே வைத்திருந்தவர் அவர்.

தேவமலர் ரப்பர் தோட்டத்துப் பெண். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ஐந்தாம் பாரம் முடித்ததும் பத்து பெரண்டாம் என்ற ஊரின் எலக்ட்ரானிக் பெக்டரியில் என் பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். வாயாடி. சூப்பர்வைசரைப் போலவே நடந்து காட்டி எங்கள் வயிற்றைப் புண்ணாக்குவாள். லோரி ஓட்டும் காளிதாஸைக் கட்டிக்கொண்டு என் அடுத்த வீட்டுக்கே குடிவந்தாள். ஏழு வருடம் பிள்ளையில்லை. 1994இல் உண்டானபோது பெக்டரி முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. வலி தானாக வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து, செவ்வாய்க்கிழமை வந்து படுங்கள் என்றார் டாக்டர். கருப்பை வாய் இன்னும் இறுகித்தான் இருக்கிறது, உள்ளே மாத்திரை வைத்தால் இளகிக்கொடுக்கும், பிறகு வலி வரும் என்று விளக்கிச் சொன்னார்.

செவ்வாய் அஷ்டமி. புதன் நவமி.

"வலி தானா வந்தா அது சாமி குறிச்ச நேரம், யாரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றார் முனியம்மா. "மாத்திரை வெச்சு வரவைக்கிறதுன்னா நாமதானே குறிக்கிறோம்? தெரிஞ்சே கெட்ட நாள்ல குறிப்பாங்களா? வியாழக்கெழம போலாம் லா."

"டாக்டர் செவ்வாய்னுதானே சொன்னாரு, அத்தை?"

"ரெண்டு நாளுதானே, மலரு" என்றான் காளிதாஸ்.

"சாமிக்குத் தெரியாத அஷ்டமியா, பெரியம்மா? டாக்டர் சொல்றதக் கேளுங்க" என்று நான் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. இத்தனை காலம் ஏங்கிப் பெறுகிற பிள்ளைக்கு ஒரு குறையும் வரக்கூடாதே என்ற ஆசை தேவமலருக்கும் இருந்தது. அடங்கிப்போனாள்.

புதன்கிழமை மத்தியானம் வேலியோரம் வந்து நின்றாள். "அக்கா, காலையிலேருந்து பிள்ள அசையவே இல்ல." நானே ஓடிப்போய் டாக்சி பிடித்தேன். நவமியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை எங்கே வைத்துப் பார்த்தும் பிள்ளையின் இதயச் சத்தம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் பெற்றாக வேண்டுமே. அதே மாத்திரையைத்தான் நர்ஸ் மிஸி கொண்டு வந்தாள். "இப்ப எதுக்கு மிஸி இது?" என்று கேட்டுவிட்டு, தேவமலர் காலை மடக்கிக்கொண்டாள். உயிரோடு பிறக்கும் பிள்ளைக்கு வருகிற அதே வலிதான் வந்தது. பக்கத்து அறைகளில் குழந்தைகள் அழுதன. இவளுடையது ஆண், அழவில்லை. தாய் பார்க்கக்கூடாது என்று சொல்லி, காளிதாஸ் துணியில் சுற்றி எடுத்துப் போய்ப் புதைத்தான். முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. சட்டை நனைந்தது. முனியம்மா பசாருக்குப் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பார்கள். பிள்ளை போனதிலிருந்து மருமகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. அன்றும் குனிந்தபடியே பூவை நீட்டினார்.

"வெச்சுக் கட்டிக்கம்மா. இல்லாட்டி ரொம்ப வலிக்கும்."

தேவமலர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"பாலு கொஞ்சம் இருக்கட்டும் அத்தை. அவனுக்குன்னு வந்தது."