கடலில் போன அரிசி

எங்கள் பெரியய்யாவுக்கு உலகத்தில் நடக்கும் எல்லாச் சண்டையும் சொந்தச் சண்டை. நயினார்கோவிலுக்குத் தெற்கே, வானம் பார்த்த பூமியில் எங்களுக்கு இருந்த மிளகாய்க் காட்டைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டதில்லை. நாற்றுக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிடுவார். ரேடியோவுக்குப் பேட்டரிக் கட்டை வாங்க மறக்கமாட்டார். காலையில் டெல்லிச் செய்தி, ராத்திரியில் ஏதோ வெளிநாட்டிலிருந்து கரகரவென்று வரும் தமிழ்ச் செய்தி. இரண்டையும் கேட்டு, ஒன்று சொன்னதை மற்றது மறைத்துவிட்டது என்று கண்டுபிடித்து, அதை டீக்கடையில் போய்ச் சொன்ன பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா எல்லாம் எங்கள் ஊருக்குக் கிழக்கே கொஞ்சத் தூரத்தில் இருக்கும் பெரிய வீடுகள் என்றே நினைத்திருந்தேன். பெரியய்யா பேசுவது அப்படித்தான் இருக்கும்.

"திருகோணமலைத் துறைமுகத்த அமெரிக்காக்காரன் கேக்குறான். குடுத்துட்டாகன்னு வையி, நம்ம வாசலுக்கு எதுத்தாப்புல கட்டிலப் போட்டு உக்காந்துக்குவான். ரஷ்யாக்காரன் சும்மா இருப்பானா? அவனும் ஒரு கட்டிலத் தூக்கிட்டு வருவான். பெறகு நாம எந்த வழியாய்யா நடக்குறது?"

டீக்கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் அய்யா மட்டும் சிரிக்கமாட்டார். அண்ணனை எதிர்த்தோ, அண்ணனைப் பார்த்துச் சிரித்தோ பழக்கமில்லாததால் தலையைக் குனிந்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்வார்.

அது எண்பத்தேழாம் வருடம். யாழ்ப்பாணத்தை இலங்கைப் பட்டாளம் சுற்றி வளைத்துவிட்டது, வானத்திலிருந்து குண்டு போடுகிறது, உள்ளே இருக்கும் சனங்களுக்கு அரிசி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மருந்து இல்லை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. பெரியய்யா கொதித்துப் போயிருந்தார். "இம்புட்டுப் பெரிய நாடு பாத்துக்கிட்டு இருக்கலாமா? ரெண்டே ரெண்டு கப்பல அனுப்புனாப் போதும். வழி விட்டுருவான்" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கப்பலை அனுப்ப வேண்டியவர்கள் டீக்கடைக்கு வராததுதான் ஒரே குறை.

அந்தக் கோடை விடுமுறையின் கடைசியில்தான் நாங்கள் அத்தையை அழைத்துவர ராமேஸ்வரம் போனோம். அத்தை, அய்யாவுக்கும் பெரியய்யாவுக்கும் ஒரே தங்கை. மாமாவும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். வயற்காட்டு ஆயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிப் பழகியவர், மழை பொய்த்த ஒரு வருடம் பிழைப்புக்காக ராமேஸ்வரம் போய், மீன்பிடிப் படகுகளின் எஞ்சினைப் பார்க்கத் தொடங்கி அங்கேயே தங்கிவிட்டார். அத்தைக்கு இப்போது தலைப்பிரசவம். முறைப்படி அம்மாதான் போய் அழைத்துவர வேண்டும். அம்மா கால் சுளுக்கிக் கிடந்தாள். அதனால் பெரியய்யா கிளம்பினார். நான் அழுது புரண்டு அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போது தீவுக்கு ரோடு கிடையாது. ரயில்தான். மண்டபம் தாண்டியதும் ரயில் நடைபோடுவதுபோல மெதுவாக ஊர்ந்தது. நான் ஜன்னலில் தலையை வைத்திருந்தேன். இருந்தாற்போலிருந்து வெளியே தரை இல்லை. மரம் இல்லை, கல் இல்லை, ரயிலுக்குப் பக்கத்தில் ஓடிவரும் வேலி இல்லை. கீழே பச்சைத் தண்ணீர், மேலே வானம், நடுவில் நாங்கள். எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தபோதுகூட மறுகரையில் மாடு நிற்பது தெரியும். இந்தத் தண்ணீருக்கு மறுகரையே இல்லை. மூச்சை இழுத்தவள் விடாமலே இருந்திருக்கிறேன். பெரியய்யா முதுகில் தட்டினார்.

"கெழக்க பாரு ஆத்தா. அந்தத் தண்ணி முடியிற எடத்துலதான் இலங்கை."

பார்த்தேன். தண்ணீர் முடியவில்லை.

ராமேஸ்வரம் ஸ்டேஷனில் இறங்கியபோது ஆடி அமாவாசைக் கூட்டம்போல இருந்தது. ஆனால் யாரும் குளிக்க வந்தவர்களாகத் தெரியவில்லை. போலீசார், ஜீப்புகள், கேமராவைத் தோளில் தொங்கவிட்ட வெள்ளைக்காரர்கள். துறைமுகப் பக்கம் மூட்டைகளை ஆட்கள் வரிசையாகச் சுமந்துபோனார்கள். பெரியய்யா ஒருவரை நிறுத்திக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்கு அரிசியும் பருப்பும் போகிறது, நம் சர்க்கார்தான் அனுப்புகிறது, மீன்பிடிப் படகுகளில் போகிறது என்றார் அவர். பெரியய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டுட்டாகல்ல" என்றார், தான் டீக்கடையில் சொன்னது டெல்லிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதுபோல.

அத்தை வீடு துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், வரிசையாக இருந்த வாடகை அறைகளில் ஒன்று. அடுத்த அறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் அக்கா இருந்தாள். படகேறித் தனியாக வந்தவள் என்று அத்தை சொன்னாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அத்தையைத் தண்ணீர்க் குடம் தூக்க விடமாட்டாள். தானே எடுத்துவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

மாமா வந்தார். கையில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே, "வாங்க மச்சான். நல்ல நேரத்துல வந்தீக. இவளத் தனியா விட்டுட்டுப் போகணுமேன்னு இருந்துச்சு" என்றார்.

"எங்கன போறீக மாப்ள?"

"அரிசிப் படகுலதான். நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோனா பாக்க ஆளு வேணும்ல. மத்தியானத்துக்கு மேல கெளம்புறோம்."

பெரியய்யா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மாப்ள, அங்கன அவுக நேவிக் கப்பல் நிக்கும்யா."

"நிக்கும்னுதான் சொல்றாக."

"பீரங்கி வச்சிருப்பான். சுட்டுட்டான்னா?"

"அரிசி மூடைய யாரு மச்சான் சுடுவா?"

"அரிசி மூடையோட நீங்களுமில்ல இருப்பீக!"

இரண்டு கப்பலை அனுப்பச் சொன்ன பெரியய்யா, ஒரு படகைக்கூட அனுப்பக் கூடாது என்பதற்கு அரைமணி நேரம் காரணம் சொன்னார். அமெரிக்கா என்ன நினைக்கும், சீனா என்ன செய்யும், இலங்கைக்காரனுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள், எல்லாம் வந்தது. மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டே சட்டையை மாற்றினார். கடைசியில் பெரியய்யா அத்தையைப் பார்த்து, "நீயாச்சும் சொல்லுத்தா" என்றார்.

அத்தை புளிச்சோற்றை ஒரு தூக்குச்சட்டியில் அமுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "போயிட்டு வரட்டும்ணே. சோறுதான கொண்டு போறாக" என்றாள். தூக்குச்சட்டியின் மூடியை அவளால் பூட்ட முடியவில்லை. மாமாதான் வாங்கிப் பூட்டினார்.

படகுகள் கிளம்பியதை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நீலமும் பச்சையுமாகச் சாயம் பூசிய படகுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கொடி கட்டி, அதில் சிவப்புச் சிலுவைக் குறி போட்டிருந்தார்கள். மூட்டைகளின் மேல் தார்ப்பாய். எல்லா எஞ்சினையும் ஒரே நேரத்தில் முடுக்கியபோது நாங்கள் நின்ற துறைமுகத்து மரப்பலகை அதிர்ந்து, அது என் பல்லுக்குள் வந்து கூசியது. ஒரு கிழவர் கடலைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் ஒரு பாய் இரண்டு கையையும் ஏந்தி துவா கேட்டார். மாமா எஞ்சின் மூடிக்குப் பக்கத்திலிருந்து எனக்குக் கை காட்டினார். அவ்வளவு பெரிய படகுகள், அவ்வளவு அரிசி, எங்கள் மாமா, எல்லாம் சேர்ந்து சிறுத்துச் சிறுத்து மிளகாய் விதைபோல ஆகி, பிறகு இல்லை.

இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் யாரோ. நடுவில் ஆள் அரவமில்லாத தண்ணீர். அதில் ஒரு கோடு இருப்பதாகவும், அதைத் தாண்டினால் வேறு நாடு என்றும் பெரியய்யா சொன்னார். தண்ணீரில் எப்படிக் கோடு போட்டார்கள் என்று கேட்டேன். அன்று சாயங்காலம் அவர் ரேடியோவைத் திருப்பவில்லை. சந்துக்காரர்கள் வந்து, "அண்ணே, செய்தி போடுங்க" என்று கேட்டார்கள். "கட்டை தீந்துபோச்சு" என்றார். கட்டை ஊரில் கிளம்பும்போது வாங்கிப் போட்டது.

நான் தூங்கிவிட்டேன். காலையில் கண்ணைத் திறந்தபோது மாமா வாசலில் உட்கார்ந்து பழையசோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா ஆச்சு?" என்று பத்தாவது முறையாகவோ என்னவோ பெரியய்யா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நின்னாக மச்சான். சாம்பக் கலர்ல கப்பலு. கடலுக்கு நடுவுல, கீழ ஒக்காந்து பாக்குறப்ப, நம்ம கோயில் கோபுரத்தப் படுக்க வச்ச மாதிரி இருந்துச்சு. போகக் கூடாதுன்னாக. நம்ம ஆபீசருக ஒயர்லெஸ்ல பேசுனாக, பேசுனாக, பொழுதே சாஞ்சுபோச்சு. யாரும் யாரையும் வையல. அதுதான் பயமா இருந்துச்சு."

"துப்பாக்கி?"

"இருந்துச்சு. மேல ஒரு பய நின்னான், மீச மொளைக்காத பய. ஒரு கையில துப்பாக்கி, ஒரு கையில டீ கிளாசு. எங்களையே பாத்துக்கிட்டு இருந்தவன் சட்டையில டீயக் கொட்டிக்கிட்டான்." மாமா சோற்றைப் பிசைந்தார். "திரும்பிப் போங்கன்னுட்டாக. வந்துட்டோம். ஒரு மூடைகூட எறங்கல."

பெரியய்யாவின் முகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு ஆள் இருந்தார்கள். தங்கச்சி புருசன் திரும்பிவந்த சந்தோசத்தில் ஒருவர். தேசத்துக்கு நேர்ந்த அவமானத்தில் ஒருவர். சந்தில் எல்லோரும் இரண்டாவது ஆளாகத்தான் இருந்தார்கள். அரிசியைத் திருப்பி அனுப்பிவிட்டானே, இனி எவன் நம்மை மதிப்பான் என்று பேசினார்கள். பெரியய்யாவும், "ஆமாய்யா, அவமானந்தான்" என்றார். சொல்லிவிட்டு, "மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வையித்தா" என்றார்.

டெல்லியில் சும்மா விடமாட்டார்கள், ஏதோ நடக்கப்போகிறது என்று மத்தியானத்திலிருந்து பேச்சு. சாயங்காலம் நான் பின்பக்கத்துப் பொதுச் சமையல்கட்டில் இருந்தேன். யாழ்ப்பாணத்து அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் அந்தக் கழுநீரில் விரல் விட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். அப்போது மேற்கிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் அலமாரியில் இருந்த தட்டுகள் மெல்லப் பாடின. பிறகு வானமே உறுமியது. சந்தில் எல்லோரும் வெளியே ஓடினார்கள். "நம்ம பிளைன்! நம்ம பிளைன்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

என் வாழ்நாளில் பக்கத்தில் விமானம் பார்த்ததில்லை. துள்ளி எழுந்தேன். அதற்குள் ஒரு கை என் தோளைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளியது. அக்கா என்னை ஆட்டுக்கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் திணித்து, என் மேல் அப்படியே கவிழ்ந்துவிட்டாள். அரிசிப் பானை உருண்டது. திமிறினேன், உதைத்தேன், கையைக் கடித்தேன். அவள் அசையவில்லை. மெலிந்த உடம்பு, ஆனால் பாறைபோலக் கிடந்தது. தரை வழியாக அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் வந்தது. முதுகில் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் காதோடு வாயை வைத்து அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"சுகந்தி, அசையாதை. சுகந்தி, தலையைத் தூக்காதை, என்ரை குஞ்சு."

சத்தம் கிழக்கே கடல் மேல் போய் மெலிந்து நின்ற பிறகும் அவள் எழவில்லை. அத்தை வந்து, குனிய முடியாமல் குனிந்து, அவள் தோளைத் தொட்டாள். அதன் பிறகுதான் எழுந்தாள்.

நான் தெருவுக்கு ஓடினேன். வானம் காலியாக இருந்தது. எல்லோரும் கையை விரித்து விரித்து, இறக்கை இவ்வளவு இருந்தது, வால் அவ்வளவு இருந்தது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியய்யா மட்டும் துண்டு கீழே விழுந்தது தெரியாமல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நம் விமானங்கள் யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டு மூட்டைகளைப் போட்டுவிட்டு வந்தன என்றும், அவற்றுக்குக் காவலாகச் சண்டை விமானங்களும் போயின என்றும் ராத்திரி ரேடியோ சொன்னது. எங்கள் தலைக்கு மேல் போனவை அவைதாமா, வேறு ஏதாவதா என்று என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது. அன்று அந்தச் சந்தில் யாருக்கும் அந்தச் சந்தேகம் இல்லை. எல்லோர் வாயிலும் ஆரஞ்சு மிட்டாய் இருந்தது.

"நாம செயிச்சுட்டமா பெரியய்யா?" என்று கேட்டேன்.

"தெரியல ஆத்தா. அடுத்தவுக வானத்துல கேக்காமப் போயிட்டு வந்துட்டோம்" என்றார். ரேடியோவை அணைத்துவிட்டு, "இது எங்கன போயி நிக்குமோ" என்றார். இரண்டு மாதத்தில் நம் பட்டாளமே கடல் தாண்டிப் போனது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆனால் அன்று, கேட்டதெல்லாம் கிடைத்த பிறகும் இந்த மனிதர் ஏன் மிட்டாய் தின்னவில்லை என்றுதான் எனக்கு யோசனை.

மறுநாள் அத்தையை அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். அக்கா அத்தையின் பையைச் சந்து முனை வரை தூக்கிவந்தாள். அவள் கையில் என் பல் பதிந்த இடம் கன்றியிருந்தது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஊருக்குப் போய்ச் சேக்காளிகளிடம் என்ன சொல்வேன்? உலகமே பார்த்த விமானத்தை நான் மட்டும் பார்க்கவில்லை என்றா?

"உங்களாலதான் நான் பிளைன் பாக்கல" என்றேன். "என் பேரு ஒண்ணும் சுகந்தி இல்ல."

அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம், பிள்ளை" என்று தலையை ஆட்டினாள். "நீ சுகந்தி இல்லை."

தப்பை ஒத்துக்கொண்டாளே, அது போதும் என்று எனக்கு மனசு ஆறிவிட்டது. அவளை மன்னித்துவிட்டேன். சந்து திரும்பும்போது கைகூடக் காட்டினேன்.