சேமித்தால் மணி அடிக்கும்

ஒரு வரியைத் திருத்திவிட்டுச் சேமிக்கும் விசையை அழுத்த இன்றைக்கும் எனக்குப் பயம். நிரல் எழுதிப் பிழைப்பவள் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். வேலை, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு ஆலைக்கு. அங்கே துணியை நீராவியில் வேகவைக்கும் பெரிய டேங்க் ஒன்று உண்டு. அதன் அழுத்தத்தை மேனேஜர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வலைச்செயலி எழுதிக்கொண்டிருந்தேன். அழுத்தம் அளவு மீறினால் டேங்க் பக்கத்தில் மணி அடிக்கும். அந்த டேங்க் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் என் கூடப்பிறந்த அண்ணன். பயந்துகொண்டேதான் இந்த வேலையையே ஒப்புக்கொண்டேன்.

நான் வீட்டிலிருந்தபடியே ஆலைக் கம்ப்யூட்டரில் ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் போதும். செயலி அதைத் தானே கண்டுகொண்டு, மாறிய பகுதியை அந்த நொடியே புதிதாக ஏற்றிக்கொள்ளும். நிறுத்தித் திரும்பத் தொடங்கும் தொல்லை கிடையாது. சொன்னது உடனே மாறுகிறதே என்று மேனேஜருக்குச் சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு முறை ஏற்றிக்கொள்ளும்போதும், மணி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு தரம் அடித்துக்கொள்ளும். எனக்கோ நாலு எழுத்து தட்டினால் ஒரு தரம் சேமிக்கும் பழக்கம். கரண்ட் போய் எல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் வந்த பழக்கம் அது. ஆலையில் நாள் முழுக்க மணிச் சத்தம்தான்.

ஆரம்பத்தில் எல்லோரும் பதறியடித்து வெளியே ஓடினார்களாம். பிறகு பழகிவிட்டது. "எந் தங்கச்சி சேவ் பண்ணுதா, நீங்க வேலையப் பாருங்கலே" என்று அண்ணனே சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் அவருக்குப் போன் போட்டேன்.

"நெசமாவே அடிச்சா என்னண்ணே பண்ணுவ?"

"அப்ப பாத்துக்கிடலாம். நீ சரியான பயந்தாங்கொள்ளி ஏட்டி."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் பேசுவதற்கும் ஆபத்து பேசுவதற்கும் ஒரே மணியை வைத்திருக்கிறேனே என்று புரண்டுகொண்டிருந்தேன். சேமித்தால் அடிக்கும் அந்த ஒற்றை மணியை மறுநாள் மதியம் சாப்பிட்டதும் எடுத்துவிடுவது என்று படுக்கையிலேயே முடிவு செய்தேன்.

மறுநாள் மதியம் சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்திருப்பேன், போன் வந்தது. இடது கையால் எடுத்தேன்.

"ஏட்டி, எம்புட்டு நேரம் அடிப்ப? காது அடைக்கி. செத்த நிப்பாட்டு," என்றார் அண்ணன். அவர் குரலுக்குப் பின்னால் மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது.

என் கம்ப்யூட்டர் மூடியபடி கட்டில்மேல் கிடந்தது.

"அண்ணே, நான் சோறு திங்கேன்."

"சரி, தின்னுட்டுப் பொறவு..."

"அது நான் இல்லண்ணே. நான் அதத் தொடவே இல்ல. வெளிய போ."

"ஏலே, வெளிய ஓடுங்கலே" என்று அவர் கத்தியதும் ஸ்டூல் விழுந்ததும் கேட்டன. காலடிச் சத்தம், மணி, பிறகு பெரிய சீறல். போன் துண்டிக்கப்படவில்லை. நான் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கையில் சோறு காய்ந்துபோனது.

"டேங்க் மூடியோட ரப்பர் வாசர் பிய்ச்சிருச்சு," என்றது கடைசியில் அவர் குரல். மூச்சு வாங்கியது. "ஆவி பூராம் ஸ்டூல் கெடந்த பக்கந்தான் அடிக்கி. நாங்க எல்லாரும் வெளிய நிக்கோம்."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

டேங்குக்குப் புது வாசர் போட்டார்கள். நான் சேமித்தால் அடிக்கும் அந்த ஒற்றை மணியையும் எடுத்தேன், தானே ஏற்றிக்கொள்வதையும் நிறுத்தினேன். இப்போது நான் என்ன சேமித்தாலும் அங்கே சத்தம் வராது. இதை அண்ணனுக்குப் பலமுறை விளக்கிவிட்டேன். ஆனாலும் போன் போட்டு, சேமிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் சேமிக்கிறேன்.

"செத்த பொறு, வெளிய வந்துக்கிடுதேன்" என்கிறார். என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வதை விட்டுவிட்டார். அவர் வெயிலில் வந்து நின்று "ம்" என்று சொல்லும்வரை நான் விசைமேல் விரல் வைப்பதில்லை.