நாய்க்குட்டிக்கு நான் கற்றுக்கொடுத்த மஞ்சள் வாசனை

எனக்கு ஒரு விஷயம் பிடித்துப்போனால் அதில் பாதியைத் தெரிந்துகொள்வேன், மீதியை ஊருக்குச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிடுவேன். மொட்டைமாடியில் மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கிறேன் என்று குழாய் குழாயாய் வாங்கிப் போட்டேன். கீரை வளரவில்லை, கொசு வளர்ந்தது. கிடார் வாங்கினேன். இப்போது அதன் உறைக்குள் அம்மா பழைய போர்வைகளை மடித்து வைத்திருக்கிறாள். அதனால் ரேணிகுண்டாவில் ஒரு தோழி வீட்டிலிருந்து துண்டில் சுற்றிய நாய்க்குட்டியோடு நான் வந்து இறங்கியபோது வீட்டில் யாரும் திகைக்கவில்லை. கொசு அளவுக்குத் தொந்தரவு இருக்காது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எங்கள் வீடு வடமாலபேட்டையில், திருப்பதி–சென்னை ரோட்டை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மோட்டார் காயில் கட்டும் கடை, பின்னால் முற்றம், அதற்குப் பின்னால் வீடு. திருப்பதியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். அதாவது நாள் முழுக்க லேப்டாப்புக்கு முன்னால் இருக்கிறேன். ஒரு நாய்க்குட்டியைப் பழக்க இதைவிட வசதியான ஆள் இந்த மாவட்டத்திலேயே கிடைக்காது என்று உண்மையாகவே நம்பினேன்.

வந்த அன்றைக்கே அது என் நாற்காலிக்கு அடியில் மூத்திரம் போனது, பிறகு சமையலறை வாசலில், பிறகு நைனாவின் செருப்பில். நாய்க்குட்டியின் வயிற்றில் குழாய் மட்டும்தான் இருக்கிறது, மூடுவதற்குத் திருகு வைக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, இது இன்னா நாயா, ஒழுவுற டேங்கா?"

"கொயந்தம்மா அது. வீடியோ பாத்துக்கினு கீறேன். ஒரு வாரத்துல பழக்கிடுவேன்."

"கீரையும் வீடியோ பாத்துதான் போட்ட."

பதில் சொல்ல முடியாத இடத்தில் அடிப்பது அம்மாவின் வழக்கம். அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். புரட்டாசி வந்துவிட்டது. மூன்றாம் சனிக்கிழமை மாமா வருவார். அம்மாவின் அண்ணன், நகரிப் பக்கம் விவசாயம். வருடா வருடம் மஞ்சள் வேட்டி கட்டி, ஊர்க்காரர்களோடு செருப்பில்லாமல் திருமலைக்கு நடந்தே போவார். வழியில் எங்கள் வீட்டில் கால் கழுவி, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து கிளம்புவார்கள். மாமா சுத்தம் பார்ப்பதில் கெட்டிக்காரர். போன வருடம் நான் கொடுத்த தண்ணீர் டம்ளரை முகர்ந்து பார்த்து, "இதுல முட்ட வாசன அடிக்குது பாப்பா" என்று திருப்பிக் கொடுத்தவர். முட்டை சமைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"மாமா வர்றதுக்குள்ள இது ஊட்டுக்குள்ள போறத நிறுத்தணும்," என்றாள் அம்மா. "இல்லன்னா சத்தியவேட்ல சித்தி ஊட்டு மாட்டுக்கொட்டாய்ல கொண்டுபோய் வுட்டுடுவேன். அதுவரிக்கும் பேரு கீரு வெக்காத. பேரு வெச்சா அப்புறம் அனுப்ப மனசு வராது."

குட்டி என் காலைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. மாட்டுக்கொட்டாயில் சித்தியின் இரண்டு பெரிய நாய்கள் இருக்கின்றன. தங்களுக்கு முன்னால் யார் சாப்பிட்டாலும் பொறுக்காத ஜாதி. இதுவோ தன் தட்டில் கட்டெறும்பு ஏறினால்கூடப் பின்வாங்குகிற ஆள். அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேடிக்கையாக ஆரம்பித்த வேலை அந்த நிமிடத்தில் வேடிக்கை இல்லாமல் போயிற்று.

முதல் வழி, வீடியோவில் சொன்ன வழி: ஒரு மூலையில் செய்தித்தாள் விரித்து, அதில்தான் போகவேண்டும் என்று பழக்குவது. ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு ஓடித் தாளில் நிறுத்தி, போனதும் ஒரு துண்டு பிஸ்கட். என்ன ஆச்சரியம், மளமளவென்று கற்றுக்கொண்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை. நாய்க்குப் புத்தியா, எனக்குத் திறமையா என்று தோழியிடம் போனில் விவாதித்தேன்; எனக்குத் திறமை என்று நானே முடிவு செய்தேன்.

நைனா தினமும் காலையில் தெலுங்குப் பேப்பரைத் தரையில் விரித்துப் போட்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு, காபி டம்ளரோடு படிப்பார். இந்த வீட்டில் பேப்பரைத் தரையில் விரிக்கிற இன்னொரு ஆள் இருக்கிறார் என்பது என் திட்டத்தில் விட்டுப்போயிருந்தது. ஜில்லாப் பக்கத்துக்கு அவர் வந்தபோது குட்டியும் வந்தது. வந்து, பக்கத்தின் நடுவில் நின்று, வேலையை முடித்துவிட்டு, பிஸ்கட்டுக்காக நைனாவின் முகத்தைப் பார்த்தது.

நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரேலே, போவட்டும்," என்றார். "நானும் இந்த நியூஸப் பத்தி இததான் நெனச்சிக்கினு இருந்தேன்."

செய்தித்தாள் வழி அத்தோடு போயிற்று. யாராவது யோசிக்கத் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் நின்று ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள்: இந்தக் குட்டி இடத்தைக் கற்றுக்கொள்வதில்லை, பொருளைக் கற்றுக்கொள்கிறது. நான் கவனிக்கவில்லை. அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வீடியோ, நாய் போன இடத்தின் வாசனையைச் சுத்தமாகத் துடைத்து எடுக்காவிட்டால் அது திரும்பத் திரும்ப அங்கேயே போகும் என்றது. நல்லது, துடைத்துவிட்டால் போயிற்று. ஆனால் எங்கள் வீட்டில் துடைப்பது என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. சோப்பு, பினாயில் எல்லாம் அழுக்குக்கு. தீட்டுக்கு மஞ்சள் தண்ணீர்தான். பெருமாள் படம் இருக்கிற வீட்டில், அதுவும் புரட்டாசியில், நாய் மூத்திரம் பட்ட இடத்தில் மஞ்சள் தெளிக்காமல் அம்மா காலே வைக்கமாட்டாள். அதனால் நான் ஒரு பக்கெட்டில் மஞ்சள் கரைத்து வைத்துக்கொண்டு, அது போன இடமெல்லாம் பின்னாலேயே போய்த் தெளித்துத் துடைத்தேன். அது மறுபடி அங்கேயே போயிற்று. வாசனை போகவில்லை போல என்று இன்னும் கெட்டியாகக் கரைத்தேன். அது இன்னும் ஆசையாகப் போயிற்று.

ஆபீஸ் மீட்டிங்கில் மேலதிகாரி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தபோது, "அடியே, அங்க இல்ல, வெளிய போடி!" என்று நான் கத்தியதும், மைக் அணைந்திருக்கவில்லை என்பதும் இந்தக் காலத்தில்தான். அவர் அதற்குப் பிறகு என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்.

ஒருநாள் சமையலறையில் அம்மா பருப்புக்கு மஞ்சள் தூள் போடும்போது கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. அந்த இடத்தில் குட்டி அதுவரை போனதே இல்லை. ஆனால் மூக்கைத் தரையில் வைத்து முகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி, குந்திற்று.

மூத்திர வாசனைக்கு அது வரவே இல்லை! மஞ்சள் வாசனைக்கு வருகிறது! இத்தனை நாளும் வீடு முழுக்க 'இங்கே போகலாம்' என்று நானே பலகை எழுதி வைத்திருக்கிறேன்.

வெட்கப்பட வேண்டிய இடம். நான் குதித்தேன். இதைத் திருப்பிப் போட்டால் போதுமே! அன்றிலிருந்து வீட்டுக்குள் மஞ்சள் கிடையாது. சோப்புத் தண்ணீரும் எலுமிச்சம்பழமும்தான். காரணத்தைச் சொல்லாமல் அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் கஷ்டம். ("எலுமிச்சம்பயமும் பெருமாளுக்கு ஆவுமேம்மா." "ஆவும், நீ பேசறதுதான் ஆவாது.") முற்றத்துக் கோடியில், முருங்கை மரத்தடியில், காலையும் மாலையும் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். முதல்நாளே குட்டி வீட்டைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, முருங்கை மரத்தடிக்கு ஓடியது. மறுநாளும் ஓடியது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை.

நான் சும்மா இருப்பேனா? வீடியோ எடுத்தேன். 'நம்ம ஊர் முறையில் நாய் பழக்குவது எப்படி' என்று தலைப்புப் போட்டு ஆபீஸ் குரூப்பில், காலேஜ் குரூப்பில், சொந்தக்காரர்கள் குரூப்பில் எல்லாம் அனுப்பினேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏமம்மா, சால தெலிவைன குக்க!" என்று மெச்சினாள். கெட்டிக்கார நாயாம். நாயைத்தான் சொன்னாள், நான் என்னையும் சேர்த்துக்கொண்டேன். அம்மாகூட அதற்கு ஒரு கிண்ணம் பால் வைத்தாள்.

மூன்றாம் சனிக்கிழமை வந்தது. விடிந்ததிலிருந்தே ரோட்டில் 'கோவிந்தா, கோவிந்தா' என்று கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறியபோது மாமாவும் அவருடைய ஆட்களும் முற்றத்துக்குள் நுழைந்தார்கள். எல்லோரும் புழுதிக் காலோடு, களைத்துப்போய், மஞ்சளில் நனைத்துக் காயவைத்த வேட்டி துண்டோடு. மாமாவை மட்டும் அம்மா மணைப்பலகையில் நிற்கச் சொன்னாள்.

அடுத்து நடக்கப்போவதை இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் பார்த்துவிட்டிருப்பார்கள். நான் பார்க்கவில்லை. நான் அப்போது குட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு அதன் ஒழுக்கத்தைக் காட்டவேண்டாமா?

"மாமா, இத பாருங்க. எங்க வுட்டாலும் ஊட்டுக்குள்ள போவாது. தன் எடம் எதுன்னு அதுக்குத் தெரியும்."

"அப்படியா?" என்றார் மாமா. "பரவால்லியே பாப்பா."

நடந்து வருகிறவர்களின் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா காலையிலேயே ஒரு அண்டா நிறையக் கரைத்து வைத்திருந்தாள். முதல் செம்பை எடுத்து மாமாவின் பாதத்தில் ஊற்றினாள். கண்ணை மூடி, "கோவிந்தா" என்றார் மாமா. எல்லோரும் "கோவிந்தா" என்றார்கள்.

குட்டி முருங்கை மரத்தை நோக்கித்தான் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. மூக்கைத் தூக்கியது. திரும்பி, நேராக வந்து, மாமாவின் வலது காலடியில் ஒரு சுற்றுச் சுற்றி, பாதத்தின் மேலேயே குந்திற்று.

மாமா கண்ணைத் திறக்காமல், "தங்கச்சி, தண்ணி சூடா கீதே," என்றார்.

அப்புறம் கண்ணைத் திறந்தார். குனிந்து பார்த்தார். குட்டி பிஸ்கட்டுக்காக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அய்யோ, தீட்டாச்சே!" என்று பதறிப்போன அம்மா, தீட்டுக்கு என்ன செய்வாளோ அதைச் செய்தாள். இன்னொரு செம்பு மஞ்சள் தண்ணீரை மொண்டு அதே காலில் ஊற்றினாள். நான் "அம்மா, வேணாம்!" என்று கத்துவதற்குள் குட்டி மறுபடி குந்திவிட்டது. பாவம், இருந்ததே கொஞ்சம்தான். முக்கி முக்கிக் கொடுத்தது. பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. முற்றம் முழுக்க மஞ்சள் நின்றுகொண்டிருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

நான் ஓடிப்போய் அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. சத்தியவேடுதான் என்று தெரிந்துவிட்டது.

"மஞ்சா தண்ணிய கண்டா அது ஏண்டி குந்துது?" என்றாள் அம்மா. குரல் மிக மெதுவாக இருந்தது.

சொன்னேன். பக்கெட்டிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கைச் சிந்திக்கொண்டே, "அது தப்பே பண்ணலம்மா. சொல்லிக்குடுத்தத சரியாதான் பண்ணிச்சி," என்றேன்.

மாமா மணைப்பலகையிலிருந்து இறங்கினார். தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. டம்ளரை முகர்ந்து பார்க்கிற மாமா, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"இத்தினி வருசமா நடக்கறேன்," என்றார். "என் கால்ல வுயுந்தவங்க கீறாங்க. இதுமாரி யாரும் பண்ணதில்ல. தங்கச்சி, சொல்லிக்குடுத்தா அப்படியே கத்துக்கினு செய்யுது பாரு. நாய ஏன் அனுப்பற? சத்தியவேட்டு மாட்டுக்கொட்டாய்க்கு இவள அனுப்பு."

"சொல்லிட்ட இல்ல, அனுப்பிடறேன்," என்றாள் அம்மா. முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சொன்னாள். பிறகு வெறும் தண்ணீர் மொண்டு வந்து மாமாவின் காலைக் கழுவிவிட்டாள். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும்வரை குட்டி என் அறையில் கிடந்தது. மாமா போகும்போது கதவைத் தட்டி, "உள்ள கீறியா சாமி? நான் போயாச்சி, நீ வரலாம்," என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா, என் பக்கம் திரும்பாமல், "ஒரு பேரு வெச்சித் தொல," என்றாள்.

வைத்தேன். அது வளர்ந்துவிட்டது, இப்போது வீட்டுக்குள் மூத்திரம் போவதே இல்லை. ஆனால் கற்றதை மறக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா வாசப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பாள். அது காய்கிறவரைக்கும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாத என்னை இப்படி உட்காரவைக்க நைனாவாலும் முடியவில்லை, காலேஜாலும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மீட்டிங் வைக்கவேண்டாம் என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். பூஜையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.