காது நன்றாகத்தான் இருந்தது

மைசூரில் கடல் இல்லை. இதை என்னிடம் சுட்டிக்காட்டாத உறவினர் ஒருவர்கூடக் கிடையாது. விஜயநகரில் வீட்டை வைத்துக்கொண்டு கடலுக்கடியில் படம் எடுக்கிறேன் என்று சொன்னால், "எங்க, கேஆர்எஸ் அணையிலயா?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆறாவது நாள் நீச்சல்குளத்தின் அடியில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மீனைப் படம் எடுத்துப் பழகுவேன். வருஷத்துக்கு இரண்டு தடவை நிஜக் கடல். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

பெங்களூரில் வருஷம் ஒருமுறை கேமராக் கண்காட்சி நடக்கும். கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு அது திருவிழா மாதிரி. போகாவிட்டாலும் குடி முழுகிவிடாது. எங்களுக்கு முழுகும். கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஒரு கனமான உலோகக் கூடு வேண்டும். ஹவுஸிங் என்போம். மைசூரில் எந்தக் கடையிலும் அதைப் பார்க்க முடியாது. இணையத்தில் படம் பார்த்து வாங்கினால், என் கட்டைவிரல் பொத்தானுக்கு எட்டுமா எட்டாதா என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும். எல்லாக் கூடுகளும் ஆறடி ஆண்களின் கைக்கு அளவெடுத்துச் செய்தவை. அதனால் ட்ரோன் கடை, ஆல்பக் கடை, விளக்குக் கடை எல்லாவற்றையும் தாண்டி, கழிவறைக்குப் போகிற வழியில் எங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் மூலைக்குப் போய், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கூட்டையும் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். தண்ணீரில் முக்கிப் பார்க்கக் கண்ணாடித் தொட்டி ஒன்றும் வைத்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே டெம்போ டிராவலரில் ஏற்றிவிடலாம். எல்லோரும் முகத்துக்கு முகம் பார்ப்பது அந்த மூன்று நாள் மட்டும்தான். யார் யாரோடு எந்தக் கடலுக்குப் போவது என்பது அங்கே பேசி முடிவாகும். லட்சத்தீவுப் பவளப்பாறைகளைப் படம் எடுக்கப் போகும் படகு ஒன்று இருக்கிறது. நான்கே பேருக்கு இடம். அதை நடத்துகிறவர் கார்வார்ப் பக்கத்துக்காரர், பழைய கப்பல் ஊழியர். மின்னஞ்சலுக்குப் பதில் போட மாட்டார், போனை எடுக்க மாட்டார். கண்காட்சியில் எங்கள் மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் நான்கு பெயர் எழுதுவார். அந்த நோட்டில் என் பெயர் ஏற வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

கடலுக்குள் யாரும் தனியாக இறங்குவதில்லை. இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். என் ஜோடி ஓர் அக்கா. கொள்ளேகாலில் பிறந்தவள், மைசூரில் கல்லூரி ஆசிரியை, என்னைவிட ஆறு வயது மூத்தவள். முக்குளிக்கப் பயிற்சி எடுத்த இடத்தில் தமிழ் பேசும் பெண்கள் நாங்கள் இருவர்தான், அன்றைக்கே ஒட்டிக்கொண்டோம். என் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் அவள் சிலிண்டரிலிருந்து நான் மூச்சு இழுக்க வேண்டும், அவளுக்குத் தீர்ந்தால் என்னிடமிருந்து. அப்படிப்பட்ட உறவு. நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். இங்கே 'அவள்' என்று எழுதுகிறேன். கோபத்தில்தான்.

போன வருஷம் கண்காட்சிக்கு இரண்டு பேரும் கிளம்புவதாக இருந்தது. முதல் நாள் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தேன். "படகுக்காரர்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. இந்த சீசனுக்கு நான் கண்டிப்பா வர்றேன்னு சொல்லுங்க" என்றேன். "நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ அத்தையைக் கவனி" என்றாள். திரும்பி வந்தவள், "இந்த வருசம் இடமே இல்லையாம். அடுத்த வருசம் பாப்போம்" என்று சொன்னாள். ஜனவரியில், யாரோ கடைசி நேரத்தில் வரவில்லை, அவளைக் கூப்பிடுகிறார்கள் என்றாள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் என்னிடமிருந்த நல்ல ஃபிளாஷைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, நானே அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ஜாதி நான்.

அந்த வருஷம் முழுக்கக் கடலுக்கு வரச்சொல்லி எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள்கூடக் கூப்பிடவில்லை. என் படங்கள் மட்டமாகிவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பழைய படங்களையெல்லாம் திறந்து வைத்து, எதில் குறை, எதில் குறை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் இருவருமாகக் காலை ரயிலில் பெங்களூர் போனோம். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டுவதற்குள்ளேயே அக்கா ஆரம்பித்துவிட்டாள். படகுக்காரருக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறதாம், இந்தத் தடவை அவரிடம் போய் நிற்க வேண்டாமாம். அரங்குக்குள் நுழைந்ததும் முதலில் லென்ஸ் பார்க்கலாம் என்றாள். லென்ஸ் பார்த்த பிறகு டிரைபாட் பார்க்கலாம் என்றாள். கடலுக்கடியில் டிரைபாட் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு கடையில் பேசிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் எங்கள் மூலைக்கு நடந்தேன்.

ஹவுஸிங் விற்கும் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "கிவி ஹேகிதே மேடம் ஈக?" என்றார். காது இப்போது எப்படி இருக்கிறது என்று கன்னடத்தில் கேட்கிறார். எந்தக் காது என்று கேட்டேன். அவர் முகத்தில் அப்படியொரு இரக்கம். "விடுங்க மேடம், கரையிலிருந்தும் நல்ல படம் எடுக்கலாம்" என்றார். பக்கத்தில் நின்ற புதுச்சேரிக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். காதுச் சவ்வு கிழிந்து, இனித் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராமே, கேள்விப்பட்டு அழுதுவிட்டாளாம். எனக்காக அந்த மூலையில் ஒரு வருஷமாகத் துக்கம் அனுஷ்டித்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் சேதி வரவில்லை.

போன வருஷம் நீச்சல்குளத்துத் தண்ணீரால் என் காதில் சீழ் வைத்து மூன்று வாரம் சொட்டுமருந்து போட்டது உண்மை. ஒரு மணி அரிசி உண்மையை உள்ளே போட்டு ஒரு பானைப் பொய் சமைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. யார் சமைத்தது என்று கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்று வாரச் சொட்டுமருந்து விஷயம் என் வீட்டுக்கு வெளியே ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும்.

படகுக்காரரிடம் போனேன். என் காதுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார். கோபக்காரர் மாதிரி தெரியவில்லை. "எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். படகு ஏறவேண்டும் என்றால் ஒற்றை நுரையீரல் உள்ளவன்கூட ரெண்டு இருக்கிறது என்பான். அதனால் முக்குளிப்பவரிடம் நான் உடம்பைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஜோடியிடம் கேட்பேன். ஜோடிதானே கீழே கூட இருப்பது?" என்றார். அவர் சொன்னது நியாயம். சளியை மறைத்து, மூட்டுவலியை மறைத்து இறங்குகிறவர்கள் நாங்கள் எல்லோரும். பிறகு அவர் சொன்னார்: "போன வருஷம் ஒரு இடம் பாக்கி இருந்தது. உங்களைத்தான் கேட்டேன். உங்கள் ஜோடிதான் விஷயத்தைச் சொன்னார். நல்லவேளை, அவராவது வர முடிந்தது."

இடமே இல்லை என்று சொன்னாளே, அந்த இடம் என் இடம்.

அக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அவளைக் கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"என் காதுக்கு என்னக்கா ஆச்சு?"

தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேற என்ன சொல்லச் சொல்ற கண்ணு? மாமியாருக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு, வர முடியலைன்னு சொன்னா, பொம்பளைங்கன்னா இப்படித்தான்னு அந்தாளு எழுதியே வச்சிருவான். காதுன்னா ஒரு கௌரவம் பாரு. அதான் சொல்லிப்போட்டேன்."

ஒரு நிமிஷம் நம்பக்கூடச் செய்தேன். அவள் சொல்கிற விதம் அப்படி, எதையும் என் நன்மைக்காகவே செய்த மாதிரி இருக்கும்.

"அப்ப சவ்வு கிழிஞ்சதுன்னு எதுக்குச் சொன்னீங்க? இனிமே இறங்கவே மாட்டாள்னு எதுக்குச் சொன்னீங்க?"

"பேச்சு வாக்குல வந்துபோச்சு."

"டிசம்பர்ல நேத்ராணில நாம ரெண்டு பேரும் இறங்கினோமே அக்கா."

நேத்ராணி முருடேஷ்வரத்துக்கு எதிரே கடலில் இருக்கும் சின்னத் தீவு. கீழே இறங்கும்போது சில அடிக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொள்ள வேண்டும். தண்ணீருக்குள் பேச முடியாது, ஜோடி காதைத் தொட்டுக் காட்டிக் கேட்பார், நாம் விரல்களை வளைத்து 'சரி' காட்ட வேண்டும். அன்று அக்கா மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சரி காட்டினேன். எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பார்த்தது என் காதை இல்லை. தான் சொன்ன பொய் பலித்துவிட்டதா என்று பார்த்திருக்கிறாள். பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் மேலே வந்து யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மாதமே என் ஃபிளாஷை வாங்கிக்கொண்டு படகேறினாள். கூட இருந்தே குழி பறிப்பது என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்; பறிக்க மண்வெட்டியும் நானே கொடுத்திருக்கிறேன்.

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? நானே வந்து சொல்றேன், வா" என்று என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

படகுக்காரர் முன்னால் நின்று நல்ல கன்னடத்தில் சொன்னாள். என் காது ஆறிவிட்டதாம். டிசம்பரில் அவளே கூட இறங்கிப் பார்த்தாளாம். சவ்வு ஒட்டிக்கொண்டது டாக்டருக்கே ஆச்சரியமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவள் மறைத்த பூசணிக்காயை எடுத்து எனக்கே பரிமாறினாள். ஆக, அவள் போன வருஷமும் பொய் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை, என் காதுதான் கிழிந்து ஒட்டியது.

படகுக்காரருக்கு உண்மையிலேயே சந்தோஷம். நோட்டைத் திறந்தார். "அப்படியென்றால் நீங்கள் இருவரும் ஒரு ஜோடியாக வாருங்கள். பிப்ரவரி" என்று சொல்லி என் பெயரை எழுதினார். பத்து வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்டது என் கண் முன்னால் நீல மையில் இருந்தது. எழுத்துப்பிழைகூட இல்லை. அடுத்து அக்கா பெயரை எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "உங்கள் ஜோடி எப்படி? உடம்பெல்லாம் நலம்தானே?"

வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நலம் என்று ஒரு தலையாட்டல் போதும். அக்கா என் முதுகில் லேசாகக் கை வைத்திருந்தாள். தலையாட்டத்தான் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லட்சத்தீவு அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"உடம்பு நல்லா இருக்கு சார்" என்றேன். "ஆனா இவங்களை நம்பி நான் தண்ணில இறங்கமாட்டேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, எழுதிய என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். ஜோடி இல்லாமல் இடம் இல்லை, வேறு ஜோடி கிடைத்தால் அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது. அங்கேயே, கடைக்காரர்கள் பார்க்க அழுதேன்.

வெளியே ஆட்டோவுக்காக நிற்கும்போது அக்கா பக்கத்தில் வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"ஒத்தை வார்த்தைல என்ற பொழப்பையே கெடுத்துப்போட்டியே கண்ணு. இங்க ஒரு வார்த்தை விட்டா அது எங்கெல்லாம் போகும்னு உனக்குத் தெரியாதா? இனி ஒருத்தனும் என்னைக் கூப்பிடமாட்டான்."

எனக்குத் தெரியாது. அன்று காலை வரைக்கும் சத்தியமாகத் தெரியாது. அவளுக்குத்தான் போன வருஷமே தெரிந்திருக்கிறது.