வடிகட்டாத வாக்கியம்

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. ஆனாலும் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு நிறுத்தம், அவசரமாக இரண்டு எழுத்து, மறுபடியும் நிறுத்தம். "இங்க நல்ல மழை. நீங்க சாப்பிட்டியளா?" நான் நிரலெழுதிச் செய்த இணையப் பக்கம் பழுதில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. அந்த வாக்கியத்தை முதலில் தட்டியவர் என் மைனி, அண்ணனின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு ஆடி கடந்துவிட்டது. போன வாரம் அதை ஓட்டியபோது வெளியிலும் மழைதான்.

அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. துறைமுகத்தை அடைந்தால்தான் போன்; நடுக்கடலில் மின்னஞ்சல் மட்டும் போகும். நாகர்கோவில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மைனி தினமும் அவருக்கு எழுதுவார். மரச்சீனிக் கிழங்கு வேகாமல் கிடந்தது முதல் பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாம் கப்பலேறிவிடும். பிறகு அவர் கைக்கு நடுக்குவாதம் வந்தது. ஒரு விசையை அழுத்தப் போனால் விரல் துள்ளி மூன்று முறை அழுத்திவிடும். விரல் எழும்பாமல் நின்றுவிட்டாலோ ஒரே எழுத்து வரிசையாக ஓடும். எழுதும் நேரத்தைவிட அழிக்கும் நேரம் அதிகமாயிற்று.

"கை சண்டித்தனம் பண்ணுது மக்கா. அவியளுக்குத் தெரியண்டாம். தெரிஞ்சா கப்பல விட்டு எறங்கிருவாவ. மவ படிப்பு முடியட்டு" என்றார்.

இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு. மைனிக்கென்று ஒரு பக்கம் செய்தேன். ஒரு விசை அழுந்திய கணத்திலேயே அதே விசை மறுபடி அழுந்தினால், அது நடுக்கம் என்று கண்டு தள்ளிவிடும் ஒரு வடிகட்டியை அதில் வைத்தேன். அதைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் அவரை உட்கார வைக்க மனம் வரவில்லை. ஒரு நாள் அவர் தட்டியதை, விசை அழுந்திய கணமும் எழும்பிய கணமும் மாறாமல் பதிந்துகொண்டேன். ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரலே அதைத் திரும்ப அழுத்தும்படி செய்தேன். பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவி விவரமானது. ஸ்கிரிப்ட் அழுத்தியதை விரல் அழுத்தியதாக நம்பாமல் தனியே குறித்துவைக்கும். என் பக்கம் மட்டும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மைனியின் கை மோசமாக மோசமாக மறு அழுத்தத்தை வடிகட்டி தள்ளும் நேர இடைவெளியைக் கூட்டினேன். நோய் ஏறியது, எழுத்து மட்டும் முத்து முத்தாகப் போனது. எனக்கு அதில் பெருமைதான்.

ஒரு நாள் அண்ணன் எழுதியிருந்தார், ஒரு பிழைகூட இல்லை, நீ டீச்சராகப் போயிருக்க வேண்டியவள் என்று. மைனி சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

"நல்லா இருக்க ஒருத்திக்குத்தான் அவிய பதில் எழுதுதாவ மக்கா. எனக்கு எழுதுகது இல்ல. அந்த வடிகட்டிய எடுத்திரு."

"மவ படிப்பு, மைனி?"

"அது நடக்கும். கை எப்பிடி இருக்கோ அப்பிடியே போவட்டு."

எடுத்துவிட்டேன். அன்று அவர் எழுதியதை என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை. அழிக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. கப்பலிலிருந்து வந்த பதிலில் இரண்டே சொற்கள். "கைக்கு என்ன?" அடுத்த துறைமுகத்தில் அண்ணன் இறங்கிவிட்டார். மகள் படிப்பை முடித்தாள். மைனிக்குக் கடைசி நாள் வரை சோறூட்டியது அண்ணன்தான். அந்தக் காலம் அவர்களுக்குக் கிடைத்ததே, அதுவே எனக்கு இன்றும் ஆறுதல்.

இப்போது அந்தப் பக்கத்தைக் கை நடுங்கும் வேறு சிலரும் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் இந்தச் சோதனை. போன வாரம் திரையில் அது ஓடியபோது அண்ணன் என் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஏலே, இது அவளா?"

"ஆமாண்ணே. அன்னைக்குப் பதிஞ்சது."

"அவ இப்பிடிச் சுத்தமா அடிக்கமாட்டாளே. வடிகட்டிய எடுத்திட்டுப் போடு."

எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. 'மழை' என்ற சொல்லில் ழகரம் நாலைந்து முறை விழுந்தது. ஓரிடத்தில் அவர் விரல் எழும்ப முடியாமல் நின்றதில் ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. கடைசியில் கேள்விக்குறி மூன்று.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் விசைகளைத் தேடித் தேடி அதற்கு அடியில் தட்டினார்: "சாப்பிட்டேன். மழை இன்னும் விடல்ல."